கீசர் சில நாள் கொதிக்கிறது, சில நாள் வெதுவெதுப்பு: தெர்மோஸ்டாட் கோளாறா, எப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “அண்ணா, எங்கள் வீட்டில் 15 லிட்டர் கீசர், வாங்கி நாலு வருடம் ஆகிறது. போர் தண்ணீர்தான். கொஞ்ச நாளாக ஒரு நாள் கை வைக்க முடியாத சூடு, மறுநாள் வெதுவெதுப்பு. வந்து பார்த்தவர் தெர்மோஸ்டாட் போய்விட்டது, அதை எடுத்துவிட்டு டைரக்ட் கொடுத்துவிடுகிறேன், நீங்களே சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். வீட்டில் வயதான மாமியார், சின்னக் குழந்தை. டைரக்ட் கொடுக்கலாமா? தெர்மோஸ்டாட்தான் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எது வரை நாங்களே பார்க்கலாம்?”

டைரக்ட் கொடுக்கக் கூடாது, தங்கச்சி. யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.

கீசருக்குள் சூட்டைக் கட்டுப்படுத்த மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது தெர்மோஸ்டாட். நாம் வைத்த அளவுக்குத் தண்ணீர் சூடானதும், தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்குப் போகும் கரண்டை நிறுத்தும், சில டிகிரி ஆறியதும் மறுபடி விடும். ஆட்டோ கட் என்று நாம் சொல்வது இதைத்தான். இரண்டாவது, தெர்மோஸ்டாட் வேலை செய்யாமல் போனால் கரண்டை ஒரேயடியாக வெட்டும் கட்-அவுட். பெரும்பாலான மாடல்களில் இது தானாகத் திரும்பச் சேராது, பொத்தானை அமுக்கித்தான் சேர்க்க வேண்டும். மூன்றாவது, டேங்கில் அழுத்தம் ஏறினால் வெளியேற்றும் வால்வு. கம்பெனிக்காரன் மூன்று வைத்திருப்பதற்குக் காரணம், ஒன்று போனாலும் அடுத்தது பிடிக்கும் என்பதுதான்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் இந்த மூன்றாவதை நம்ப முடியாது. உப்பு இறுகி வால்வு அடைத்துக்கொள்கிறது. டைரக்ட் கொடுப்பவர்கள் பல நேரம் தெர்மோஸ்டாட்டோடு நிற்பதில்லை, கட்-அவுட்டையும் தாண்டி ஒயரைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த டேங்குக்கு எந்தப் பாதுகாப்பும் மிஞ்சாது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் ஆவி சீறுகிறது என்று கூப்பிட்டார்கள். மெயினை அணைத்து, ஆறவிட்டு, அடி மூடியைக் கழற்றினால், தெர்மோஸ்டாட்டில் மாட்டியிருக்க வேண்டிய இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் உருகி, கறுத்து, பிசுபிசுவென்று ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்-அவுட் ஒரு ஓரமாக, எதிலும் சேராமல் கிடந்தது. வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தேன், அசையவே இல்லை. அந்தக் குளியலறையில் தினமும் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூடிய டேங்குக்குள் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே நிற்கும். குழாயைத் திறந்து அழுத்தம் விட்டதும் அந்த நொடியே ஆவியாகச் சீறும். வெளியேற வழி இல்லையென்றால் டேங்கே வெடிக்கும்.

“சுவிட்சை நாங்கள் மறக்க மாட்டோம்” என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். மறப்பதற்குக் கவனக்குறைவு தேவையில்லை. காலையில் சுவிட்சைப் போட்டதும் கரண்ட் போகிறது, அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம். பத்து மணிக்குக் கரண்ட் வருகிறது, வீடு பூட்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட் இருந்தால் இருபது நிமிடத்தில் அதுவே நிறுத்தியிருக்கும். டைரக்ட் கொடுத்த கீசர், மாலை நீங்கள் திரும்பி வரும் வரை எரிந்துகொண்டே இருக்கும். சாதாரணமாக 15, 25 லிட்டர் கீசரில் 2000 வாட் காயில் இருக்கும். மணிக்கு 2 யூனிட். பில்கூடக் கட்டிவிடலாம், உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது? தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாயில் முடிகிற சாமான்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. ஒரு நாள் சூடு, ஒரு நாள் வெதுவெதுப்பு என்ற உடனேயே தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. நான் பார்த்த வரையில் இந்தப் புகாரோடு கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் தெர்மோஸ்டாட் நன்றாகத்தான் இருக்கிறது. வோல்டேஜ், உப்பு, பருவம், மிக்சர் குழாய் இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எதையும் கழற்றாமல், ஸ்குரூடிரைவரே தொடாமல், இவற்றை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கடிகாரத்தை எடுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் காயிலுக்கு ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். 25 லிட்டர் என்றால் அரை மணி நேரம். மார்கழியில் மேல் தொட்டித் தண்ணீர் 18 டிகிரிக்கு இறங்கியிருந்தால் 15 லிட்டருக்கு 22 நிமிடம், சித்திரையில் 30 டிகிரியாக இருந்தால் 16 நிமிடம் போதும். ஆக, ஒரே கீசரில் பருவத்துக்குப் பருவம் ஐந்தாறு நிமிடம் முன்பின் ஆவது இயல்பு. டேங்க் முழுக்க ஆறிய காலை நேரத்தில் சுவிட்சைப் போட்டு, சூடாவதைக் காட்டும் விளக்கு அணைகிற வரை எத்தனை நிமிடம் என்று மூன்று நான்கு நாள் எழுதி வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் திருகு எந்த எண்ணில் இருக்கிறதோ அதைத் தொடாதீர்கள்.

நான்கு நாளும் ஏறக்குறைய அதே நேரம் என்றால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு நாள் எட்டு நிமிடத்தில் அணைகிறது, மறுநாள் முக்கால் மணி நேரமாகியும் அணையவில்லை, வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்றால் அது தெர்மோஸ்டாட்டில் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகளில் கோளாறு, அல்லது அது உப்பில் மூழ்கிக் கிடக்கிறது. இரண்டுக்கும் மூடியைத் திறக்க வேண்டும், அது மெக்கானிக் வேலை.

வோல்டேஜ் சரியா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம், நம் கிராமங்களில் அதைவிட முக்கியமானது வேறில்லை. காயிலின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் காயில், 180 வோல்ட்டில் 1225 வாட்தான் தரும். 18 நிமிட வேலை அரை மணி நேரமாகிவிடும். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லைன் இறங்குகிற ஊர்களில், காலை ஐந்தரைக்குக் குளித்தவருக்குக் கொதிக்கும், ஏழு மணிக்குக் குளித்தவருக்கு வெதுவெதுப்புதான் கிடைக்கும். பிரிட்ஜுக்கோ டிவிக்கோ டிஜிட்டல் எண் காட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் அதில் உள்ளே வரும் வோல்டேஜைப் பாருங்கள். நிமிடக் கணக்குக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடலாம்.

பருவத்தால் இன்னொரு குழப்பமும் வரும். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால், சித்திரையில் கணக்குப்படி 45 லிட்டர் குளிக்கும் தண்ணீர் கிடைக்கும். மார்கழியில் 28, 29 லிட்டர்தான். டேங்குக்குள் பச்சைத் தண்ணீர் கலந்துகொண்டே வருவதால் நடைமுறையில் இரண்டுமே இன்னும் குறையும். கோடையில் இரண்டு பேர் குளித்த கீசரில் குளிர்காலத்தில் இரண்டாவது ஆள் நடுங்கினால் அது கோளாறு இல்லை. ஓசூர், தளிப் பக்கம் இந்தப் புகார் கார்த்திகையில் ஆரம்பித்துத் தை முடிய வந்துகொண்டே இருக்கும். ஒரு முறை எடுத்ததும் அடுத்தவர் இருபது நிமிடம் பொறுத்தால் போதும்.

மிக்சர் குழாயைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூடும் குளிரும் ஒரே கைப்பிடியில் வரும் குழாயில் உள்ளே ரப்பர் தேய்ந்தால் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர் லைனில் ஏறிவிடும். மிக்சரைத் தவிர வேறு சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தால் அதில் பிடித்துப் பாருங்கள். அதிலும் அதே வெதுவெதுப்பு என்றால் மிக்சர் அல்ல.

காயில் எரிகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, ஈ.பி. மீட்டர். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பதை மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றால், 2000 வாட் கீசர் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 107 தடவை மினுக்கும், வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு. அது 1600 என்றால் அதில் பாதி. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீசரை மட்டும் போட்டுப் பாருங்கள். படபடவென்று மினுக்கினால் காயிலுக்குக் கரண்ட் போகிறது. மினுக்கல் நின்றால் தெர்மோஸ்டாட் நிறுத்திவிட்டது. வோல்டேஜ் இறங்கிக் காயிலின் சக்தி குறைந்தால் மினுக்கலும் அதே அளவு குறையும். யாரையும் கூப்பிடாமல், எதையும் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடும்.

கீசரின் விளக்கும் நிறையச் சொல்லும். பெரும்பாலான மாடல்களில் சூடாவதைக் காட்டும் விளக்கு தெர்மோஸ்டாட்டுக்கு அப்புறம், காயிலோடு சேர்த்து இணைக்கப்பட்டிருக்கும். விளக்கு எரிகிறது, அரை மணி நேரமாகியும் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது, மீட்டரும் மெதுவாகத்தான் மினுக்குகிறது என்றால் காயில் போய்விட்டது, தெர்மோஸ்டாட் நல்லபடி இருக்கிறது. தண்ணீரும் பச்சை, விளக்கும் எரியவில்லை, ஆனால் பிளக்கில் கரண்ட் இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ வெட்டி நிற்கிறது. இரண்டிலும் ஆபத்து இல்லை, அவசரமும் இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல மெக்கானிக் வரும் வரை ஒரு வாரம்கூட அடுப்பு வெந்நீரில் சமாளிக்கலாம்.

சூட்டை அளக்க வேண்டுமென்றால் 100 டிகிரி வரை காட்டும் சமையல் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விடாதீர்கள், அது 42 டிகிரியோடு முடிந்துவிடும். விளக்கு அணைந்தபின் பைப்பில் நிற்கும் பச்சைத் தண்ணீரை ஒரு சொம்பு விட்டுவிட்டு, அடுத்த சொம்பில் அளங்கள். 55 முதல் 65 வரை இருந்தால் நன்று. 75-ஐத் தாண்டினால் திருகைக் குறைத்து வைத்து மறுநாள் அளங்கள். குறைத்தும் குறையவில்லை என்றால் தெர்மோஸ்டாட் தன் பிடியை இழந்துவிட்டது. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும், 70 டிகிரிக்கு ஒரு நொடியே அதிகம். குழந்தைக்கும் முதியவருக்கும் தோல் மெல்லியது. எப்போதும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல்தான் சுடுதண்ணீர் பிடிக்க வேண்டும்.

இனி உப்பு. நம் ஊர்க் கீசர்களின் பெரிய எதிரி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாறை இடுக்குகளிலிருந்து வரும் நம் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சூடாக்கும்போது அது கரைசலிலிருந்து பிரிந்து காயிலின் மேலும் டேங்கின் அடியிலும் படிகிறது. சூடு ஏற ஏறப் படிவதும் அதிகமாகும். இராயக்கோட்டையில் ஒரு கீசரின் அடித்தட்டைக் கழற்றியபோது காயில் எது, தெர்மோஸ்டாட் போகும் குழல் எது என்றே தெரியவில்லை. ஈரக் கோலமாவைக் குழைத்து அப்பி, காயவைத்தது போல எல்லாம் ஒரே வெள்ளைக் கட்டி. தட்டியபோது பாளம் பாளமாக விழுந்தது, அடியில் இருந்ததைக் கையால் அள்ளி எடுக்க வேண்டியிருந்தது. டேங்கில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தைக் கல் அடைத்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் தெர்மோஸ்டாட் புதிதாக இருந்தாலும் சரியாக வேலை செய்யாது. சில சமயம் காயிலுக்கும் குழலுக்கும் நடுவில் கட்டி சேர்ந்து, காயிலின் சூட்டை நேராகத் தெர்மோஸ்டாட்டுக்குக் கொடுத்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அது அணைத்துவிடும். வேறு சமயம் குழலைச் சுற்றிக் கட்டி மூடிக்கொண்டு, தண்ணீர் சூடானது தெர்மோஸ்டாட்டுக்குத் தாமதமாகத் தெரியும். அதற்குள் சூடு எங்கேயோ போயிருக்கும், கட்-அவுட் தட்டிக் கரண்டை வெட்டிவிடும். தங்கச்சி, நாலு வருடம், போர் தண்ணீர், ஒரு நாள் அப்படி ஒரு நாள் இப்படி என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் உப்பின் மேல்தான், தெர்மோஸ்டாட்டின் மேல் இரண்டாவதாகத்தான். சூடாகும்போது டப் டப் என்று, கொரகொரவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வந்தால் உப்புதான், சந்தேகமே வேண்டாம்.

போர் தண்ணீர் என்றால் வருடத்துக்கு ஒரு முறை திறந்து உப்பு எடுக்க வேண்டும், அதுதான் என் கருத்து. ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் தொட்டிக்கு ஏறும் வீடுகளில் இரண்டு மூன்று வருடம் தாங்கும். திருகை 55-60 டிகிரியில் வைத்தால் உப்பு படிவதும் குறையும், பில்லும் குறையும்.

இந்த இடத்தில் கேட்டதற்கு வெளியே ஒன்று சொல்லியாக வேண்டும். அரிசி களையவும் டீ வைக்கவும் கீசர் தண்ணீரைப் பிடிக்கும் வீடுகள் இருக்கின்றன. நம் இரண்டு மாவட்டத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் அது செயல்பாட்டுக்கும் வந்தது. சூடாக்கினால் ஃப்ளோரைடு போகாது. கொதித்துத் தண்ணீர் சுண்டினால் மிஞ்சியதில் அதன் அளவு கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள்.

அடுத்து, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். குழாயைத் தொட்டாலோ தண்ணீரில் கை வைத்தாலோ சுர்ரென்று இழுக்கிறது, கொஞ்சமாக இருந்தாலும் சரி. குழாயிலிருந்து ஆவி சீறுகிறது, தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புகிறது. விளக்கு அணையவே இல்லை, தண்ணீர் கொதிக்கிறது. கட்-அவுட்டை ஒரு தடவை அமுக்கிச் சேர்த்தும் மறுபடி தட்டிவிட்டது. கீசரைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. கருகல் வாடை வருகிறது. இவற்றில் எதுவாக இருந்தாலும் கீசரின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வயரிங்கில் சில இடங்களில் சுவிட்ச் நியூட்ரலை மட்டும் வெட்டும், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் உள்ளேயே நிற்கும். மெயின் பெட்டியில் கீசர் லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை அணையுங்கள், கை உலர்ந்திருந்தால் அப்புறம் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். கொதித்த டேங்கை உடனே திறந்துவிட்டுக் காலி செய்ய முயலாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் தானாக ஆறட்டும், யாரும் குளியலறைக்குள் போக வேண்டாம்.

ஷாக் அடிப்பது பெரும்பாலும் காயில் வெடித்து உள்ளே தண்ணீர் போனதால் வரும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும், நம்மைத் தொடாது. ஆக, ஷாக் அடிக்கிறது என்றால் கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது, காயிலிலும் எர்த்திலும். காயிலை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். நம் பக்கம் பாறை மண், பங்குனி சித்திரையில் எர்த் குழி காய்ந்து பயனற்றதாகிவிடும். கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தாலும் கோடையில் வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் கீசர் ரிப்பேருக்கு முன்னால் அதைப் போடுங்கள். அது அடிக்கடி விழுகிறது என்று அதையும் டைரக்ட் செய்துவிடும் வீடுகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. விழுவதுதான் அதன் வேலை.

வால்விலிருந்து சொட்டுகிறது என்று பயந்து கூப்பிடுபவர்களும் உண்டு. தண்ணீர் சூடானால் கொஞ்சம் விரியும். 15 லிட்டர் 25-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 200 மில்லி, ஒரு டம்ளர் கூடும். கீசருக்குள் பச்சைத் தண்ணீர் வரும் குழாயில் தண்ணீர் திரும்பாத வால்வு இருந்தால் அந்த ஒரு டம்ளர் சொட்டிச் சொட்டி வெளியே வரத்தான் வேண்டும். அதை அடைக்காதீர்கள். சூடாகாத நேரத்திலும் ஒழுகினாலோ, ஆவியோடு கொட்டினாலோதான் கவலை. டேங்கின் உடம்பிலிருந்தே ஒழுகினால் ரிப்பேருக்குச் செலவு செய்ய வேண்டாம், கீசரை மாற்ற வேண்டியதுதான்.

பிளக் சூடாகிறதா என்றும் பாருங்கள். 2000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட்டே தளர்ந்திருந்தால் முனை கருகி, விட்டுவிட்டுக் கரண்ட் போகும். அதுவும் ஒரு நாள் சூடு, ஒரு நாள் இல்லை என்றுதான் தெரியும். பிளக்கைப் பிடுங்கி முள்ளைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் தெர்மோஸ்டாட்டை மறந்துவிட்டு முதலில் சாக்கெட்டை மாற்றுங்கள்.

மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல வெயிலில் சோலார் தண்ணீர் தானாகவே 70 டிகிரியைத் தாண்டும். அதில் இருக்கும் கரண்ட் காயிலை அணைத்து வைத்தும் மாலையில் கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரிட்ஜிலும் இதே யோசனைதான். திருகு உள்ள பழைய பிரிட்ஜில் காய்கறி உறைகிறது, கம்ப்ரசர் நிற்கவே இல்லை என்றால் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். டிக் என்று சத்தம் வந்து கம்ப்ரசர் நின்றால் தெர்மோஸ்டாட்டின் சுவிட்சாவது உயிரோடு இருக்கிறது. பூஜ்யத்திலும் ஓடினால் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, மாற்ற வேண்டும். அதற்கு முன் கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் குற்றம் ரப்பரில். ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள், இப்போதைய பல பிரிட்ஜ்களில் இருக்கும் வாயு தீப்பிடிக்கக் கூடியது. இப்போதைய ஏ.சி.களில் பெரும்பாலும் தனியாகத் தெர்மோஸ்டாட் கிடையாது, உள் யூனிட்டில் சின்ன சென்சார்தான். ஃபில்டரைக் கழுவி மாட்டியும் குளிரவில்லை, அல்லது முகப்பில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ காட்டுகிறது என்றால் ஆளைக் கூப்பிடுங்கள், நாமாகச் செய்ய அதில் எதுவும் இல்லை.

கடைசியாக, மெக்கானிக் வரும்போது என்ன கேட்பது. வாரண்டி இருந்தால் வெளியாளைத் திறக்க விடாதீர்கள். டேங்குக்கும் காயிலுக்கும் வாரண்டிக் காலம் வேறுவேறாக இருக்கும், அட்டையைப் பாருங்கள். கம்பெனியின் எண்ணை கீசரின் மேலோ வாரண்டி அட்டையிலோ பார்த்துக் கூப்பிடுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணுக்குப் பேசி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

தெர்மோஸ்டாட் மாற்றினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, பழையதன் அதே நீளத்தில், அதே ஆம்பியரில் இருக்க வேண்டும். கட்டையானதைப் போட்டால் அது தண்ணீரின் வேறு இடத்துச் சூட்டைப் பார்க்கும். பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள். முனை கருகியோ ஒட்டியோ இருந்தால் நோய் அதுதான். அடித்தட்டைக் கழற்றிய கையோடு உப்பையும் எடுக்கச் சொல்லுங்கள், ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மெக்னீசியம் ராடு கரைந்து கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், டேங்க் துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். வால்வை உங்கள் கண் முன்னால் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும், அதற்கும் எர்த்துக்கும் நடுவில் கசிவு இருக்கக் கூடாது.

எல்லாம் பூட்டி, குழாயைத் திறந்து டேங்க் நிறைந்து தண்ணீர் சீராக வந்த அப்புறம்தான் சுவிட்சைப் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் போட்டால் புதுக் காயிலும் அப்போதே போய்விடும். போட்டதும் மெக்கானிக்குக் காபி கொடுத்து உட்கார வையுங்கள். இருபது நிமிடம் பக்கத்தில் விளக்கு தானாக அணைய வேண்டும், மீட்டரின் மினுக்கல் நிற்க வேண்டும், ஒரு சொம்பு பிடித்து அளந்தால் 60 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.